கத்திரிப்பூ ஜீப்

அந்தப் பக்கம் இல்லை சார், இந்தப் பக்கம் வாருங்கள். அது டிரைவர் சீட். எல்லோரும் முதலில் அங்கேதான் போய் நிற்பார்கள். இது லெஃப்ட் ஹேண்ட் வண்டி, ஸ்டியரிங் இடது பக்கம். பையைப் பின்னால் போட்டுவிடுங்கள். கதவைத் தேடாதீர்கள், கதவே கிடையாது. காலைத் தூக்கி வைத்து ஏறி அந்தக் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

நன்றியெல்லாம் வேண்டாம். ஆழியாறு தாண்டி பஸ் படுத்துக்கொண்டால் அடுத்தது எப்போது வரும் என்று கண்டக்டருக்கே தெரியாது. ஆனால் உங்களுக்காக நிறுத்தினேன் என்று நினைக்காதீர்கள். எனக்குத்தான் ஆள் தேவைப்பட்டது. இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு முன்னால் போகிற லாரியின் முதுகு மட்டும்தான் தெரியும். எதிரே என்ன வருகிறது என்று உங்கள் சீட்டில் இருக்கிறவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். 'வாங்க' என்றால் போவேன். 'நில்லுங்க' என்றால் நிற்பேன். 'வரலாம்னு நினைக்கிறேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்ன என் மைத்துனரை அதற்குப் பிறகு நான் இதில் ஏற்றியதில்லை.

வழக்கமாக அந்த சீட்டில் என் மனைவிதான் உட்காருவாள். வசந்தாமணி. இன்றைக்கு வரவில்லை. 'எனக்கு ஒடம்பு அசதியா இருக்குது, நீங்க போயிட்டு வாங்க' என்று சொல்லிவிட்டாள். வண்டி வீட்டை விட்டுப் போவதைப் பார்க்க வாசல் வரை வந்ததே பெரிது.

ஆமாம் சார், விற்கத்தான் கொண்டுபோகிறேன். வால்பாறையில் கோஷி சார் என்று ஒருவர், கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கிறார். 'வண்டியைக் கொண்டுவாங்க, மலையில ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக்கலாம்' என்றார். மத்தியானத்துக்குள் இது அவர் ஷெட்டில் நிற்கும். நான் பஸ்ஸில் இறங்கிவிடுவேன். என் மனைவிக்கும் நிம்மதி.

வருத்தமா? எனக்கென்ன வருத்தம். இரும்பு சார் இது.

முன்னால் அந்த டெம்போ. பாருங்கள்... போகலாமா? சத்தமாகச் சொல்லுங்கள், இந்த வண்டியில் மெதுவாகப் பேசினால் பேசியவருக்கே கேட்காது. ஆ, அப்படித்தான். நன்றாகச் சொல்கிறீர்கள்.

என் பெயர் சென்னியப்பன். ஒண்டிப்புதூர். ஒரு மில்லில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்தேன். மில்லை மூடிவிட்டார்கள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் அதே கதைதான் சொல்வார்கள். ஆனால் ஒன்றை யாரும் சொல்ல மாட்டார்கள். மில் மூடிய பிறகு வீட்டில் எந்த நாற்காலியில் உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை. சிரிக்காதீர்கள். கல்யாணம் ஆனதிலிருந்து பகல் நேரத்தில் நான் வீட்டில் இருந்ததே இல்லை. பகலில் அது அவளுடைய வீடு. ஹாலில் உட்கார்ந்தால் விளக்குமாற்றுடன் வந்து நிற்பாள். சமையலறைக்குப் போனால் 'என்ன வேணுமுங்க?' என்பாள். ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் அது இன்னும் சங்கடம். ஒன்றும் வேண்டாதவன் சமையலறையில் எதற்கு நிற்கிறான்?

அப்போதுதான் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தோப்பில் இதைப் பார்த்தேன். யாரோ ஒரு காலத்தில் மிலிட்டரி ஏலத்தில் எடுத்து, ஓடுகிற வரை ஓட்டிவிட்டு, தென்னைக்கு அடியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சக்கரம் பாதி மண்ணுக்குள். ஸ்டியரிங் மேல் ஒரு சேவல். பின்னால் கோழிகள் முட்டை வைக்கிற இடம். எதற்காக எனக்கு அதைப் பிடித்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். வேலை போய் நிற்கிற ஒருவன் இன்னொருவனைப் பார்த்த மாதிரி இருந்ததா? அப்படியெல்லாம் சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையாக அப்படி இருந்ததா, பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டதா, தெரியவில்லை.

தோப்புக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். 'வண்டிய எடுத்துக்குங்க. ஆனா கோழிக்கு வேற எடம் பண்ணிக் குடுத்துட்டுப் போங்க. நாளைக்கு அதுக எங்க போய் அடையும்?' நியாயம்தானே? ஒரு பழைய டிரம்மை அறுத்து, கதவு வைத்து, கூண்டு செய்து கொடுத்துவிட்டுத்தான் வண்டியை லாரியில் ஏற்றினேன்.

வீட்டு ஷெட்டில் இறக்கியதும் வசந்தாமணியிடம் தெளிவாகச் சொன்னேன். 'இங்க பாரு, இது ஆசைக்கு வாங்கினது இல்ல. சரி பண்ணுவேன், வித்துருவேன். அப்புறம் ஷெட்ட உனக்குக் காலி பண்ணிக் குடுத்தர்றேன்.' அவள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பின்னால் கையை விட்டு ஒரு முட்டையை எடுத்தாள். உள்ளே போய்விட்டாள். அவ்வளவு பெரிய வண்டியில் அவள் கண்ணில் பட்டது முட்டைதான் சார். மறுநாள் காலையில் அதை ஆம்லெட் போட்டு என் தட்டில் வைத்து, 'உங்க வண்டி போட்டது' என்றாள்.

இந்தக் கிண்டலோடுதான் நான் மூன்று வருஷம் குடித்தனம் நடத்தினேன்.

வேலையைப் பற்றிச் சொன்னால் இன்றைக்கு முடியாது. இன்ஜினை நான்கு தடவை இறக்கி ஏற்றினோம். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் என்னைப் பார்த்தாலே 'ஜீப்புக்காரர் வந்துட்டார்' என்பார்கள். நட்டு ஒன்று தேடிப் போய் நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வேறு எதையோ வாங்கி வருவேன். இவளுக்கு எதுவும் புரியாது. புரியாவிட்டால் சும்மா இருக்க வேண்டுமல்லவா? ஷெட்டுக்கு வந்து நின்றுகொண்டு கேள்வி கேட்பாள். பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது தெரியுமா? நான் உட்கார்ந்திருக்கிறேன் பாருங்கள், இந்த சீட்டுக்கு அடியில். இதைப் பார்த்ததும், 'ஏனுங்க, பெட்ரோலு மேலயா உக்காந்து ஓட்டுவீங்க?' என்றாள். 'மிலிட்டரிக்காரங்க அப்படித்தான் ஓட்டினாங்க' என்றேன். 'அவுங்களுக்கு உசுரக் குடுக்கறதுதான் வேலை. உங்களுக்கு என்ன?' என்றாள். அன்றிலிருந்து ஊதுபத்தியைக்கூட ஷெட்டுப் பக்கம் கொண்டுவர மாட்டாள். பூஜை போட வேண்டுமென்றால் வண்டியைத் தள்ளி வெளியே நிறுத்த வேண்டும். இடைஞ்சல்.

சீட்டுக்கு ரெக்ஸின் வாங்கலாம் என்றேன். 'வெயில்ல ஒட்டும்' என்று சொல்லி அவளே கேன்வாஸ் துணி வாங்கி வந்து தைத்தாள். நீங்கள் உட்கார்ந்திருப்பது அதுதான். தையல் மெஷினில் ஊசி உடைய உடைய என்னைத் திட்டினாள். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு திட்டு. பிடிக்காத வேலையை எதற்குச் செய்ய வேண்டும் என்று கேட்டேன். அதற்கும் திட்டினாள்.

சாயங்காலம் டீயைக் கொண்டுவந்து, வீட்டுக்குள் இத்தனை நாற்காலி இருக்க, இதில் ஏறி உட்கார்ந்துகொண்டு குடிப்பாள். 'இங்க காத்து வருது' என்பாள். தகர ஷெட் சார். அதில் ஏது காற்று? நான் கீழே படுத்து வேலை செய்துகொண்டிருப்பேன், மேலிருந்து 'அது என்ன, இது என்ன' என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் சொல்லுவேன். திரும்பவும் கேட்பாள். ஷெட் எப்போது காலியாகும் என்று நோட்டம் பார்க்கத்தான் வருகிறாள் என்று எனக்கு அப்போதே தெரியும்.

கொஞ்சம் இருங்கள், வளைவு. ஹாரனை அடியுங்கள், அந்தக் கறுப்புப் பந்து. ஆமாம், அமுக்குங்கள். எதிரே பஸ்ஸா? பெரிய பஸ்ஸா? நிற்கிறேன்... அப்பாடா. டிரைவர் நம் வண்டியைப் பார்த்து எப்படிச் சிரிக்கிறான் பாருங்கள். எல்லோரும் சிரிப்பார்கள். இந்தக் கலரைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

நீங்களும் கேட்க நினைத்திருப்பீர்கள், கேட்கவில்லை. மரியாதைக்காரர். மிலிட்டரி ஜீப்புக்கு யாராவது கத்திரிப்பூ நிறம் அடிப்பார்களா?

நான் அடித்தது பச்சை. அசல் மிலிட்டரிப் பச்சை. அந்தப் பச்சைக்காக நான் பட்ட பாடு. பெயின்ட் கடைக்காரர் கலந்து கலந்து காட்டுவார், நான் வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்து 'கொஞ்சம் மஞ்சள் கூட' என்பேன், திரும்பவும் கலப்பார். கடைசியில் சரியான பச்சை கிடைத்தது. அடித்து முடித்து வெளியே நிறுத்தினால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு பெரியவர் சல்யூட் அடித்தார். அந்த சல்யூட் வண்டிக்கா எனக்கா என்று கேட்டுக்கொள்ளாமல் நானும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு, வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. வாங்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோனேன். வசந்தாமணியும் வந்தாள், அவள் இல்லாமல் ரோட்டில் எடுக்க முடியாதே. இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். பிரேக் பார்த்தார், லைட் பார்த்தார், எல்லாம் சரி என்றார். பிறகு கேட்டார், 'இது என்ன கலர்?' நான் பெருமையாகச் சொன்னேன், 'மிலிட்டரிப் பச்சை சார். அசல்.' அவர் சொன்னார், 'அதத்தான் கேக்கறேன். இந்தக் கலர் மிலிட்டரி வண்டிக்கு மட்டுந்தான். வெளியாளுக யாரும் அடிக்கக் கூடாது. சட்டம் இருக்குது. மாத்திட்டு வாங்க.'

எனக்கு வந்ததே கோபம். 'சார், இது மிலிட்டரி வண்டிதானுங்க சார்' என்றேன். 'அப்படின்னா மிலிட்டரிலயே கொண்டுபோய்ச் சேத்திருங்க' என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அது போகட்டும். என் பக்கத்தில் நின்றவள் சிரித்தாள் பாருங்கள். வீடு வரும் வரை சிரித்தாள். 'வாங்க' என்று சொல்ல வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்து சொல்ல முடியாமல், சிங்காநல்லூரில் ஒரு மணல் லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்தோம்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் ஷெட்டுப் பக்கம் போகவில்லை. வேறு எந்தக் கலரும் மனதுக்கு வரவில்லை. என்ன மனுஷன் நான் என்று யோசித்தேன். சண்டைக்குப் போகாதவன், பட்டாளத்தைக் கண்ணால் பார்க்காதவன், எனக்கு எதற்கு அந்தப் பச்சை? மில்லில் காக்கி போட்டிருந்தேன், அதைக் கழற்றி வைத்த பிறகு ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அலைந்தேனோ என்னவோ. இப்படி நான் யோசித்துக்கொண்டிருந்தபோது இவள் ஒரு துணித் துண்டைப் பெயின்டரிடம் கொடுத்து வேலையை முடித்துவிட்டாள். வந்து பார்த்தால் ஜீப் கத்திரிப்பூ நிறத்தில் நிற்கிறது.

'என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே?' என்றேன். 'நல்லாத்தான் இருக்குது' என்றாள். 'ஏன் இந்தக் கலரு?' என்றேன். 'நீங்க என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப நான் கட்டியிருந்த சேலை இந்தக் கலருதானுங்க' என்றாள். எனக்கு ஞாபகம் இல்லை. அதையும் சொல்லிவிட்டேன். பெண் பார்க்கப் போனவன் சேலையையா பார்த்துக்கொண்டிருப்பான்? அன்றைக்கு முழுக்க அவள் பேசவில்லை. நான் அல்லவா பேசாமல் இருந்திருக்க வேண்டும்? மூன்று வருஷ உழைப்பு, ஒரு சேலைத் துண்டால் போயிற்று. வண்டி மேல் எவ்வளவு வெறுப்பு இருந்தால் இப்படிச் செய்யத் தோன்றும், சொல்லுங்கள்.

எஃப்.சி. கிடைத்துவிட்டது, அது வேறு விஷயம். இன்ஸ்பெக்டர் 'இந்தக் கலருல இன்னொரு வண்டி தமிழ்நாட்டுலயே இருக்காது' என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. ஓடாமல் நின்றால் வண்டி கெட்டுப்போகும். இவளும் வந்துதானே ஆக வேண்டும், பாவம், லீவு நாளில்கூட ஓய்வு இல்லை. தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, மகன் விட்டுவிட்டுப் போன கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தக் கம்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்து 'வாங்க வாங்க வாங்க... நில்லுங்க!' என்று கத்துவாள். ஆனைமலை, டாப்சிலிப், திருமூர்த்தி மலை. எங்கே போகலாம் என்று சனிக்கிழமையே கேட்டுவிடுவாள். கேட்டு முடித்துவிட்டால் வேலை முடிந்ததல்லவா, அதற்காக. புளிசாதம் கட்டி எடுத்துக்கொள்வாள். வெளியே சாப்பிட்டால் வயிற்றுக்கு ஆகாது என்று.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஆனால் நான் சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே. ஆள் வரச் சொன்னேன்.

முதலில் வந்தவர் கல்யாண வீட்டு போட்டோ எடுக்கிறவர். பொண்ணு மாப்பிள்ளையை இதில் உட்கார வைத்துப் படம் எடுக்கலாம் என்று ரொம்ப ஆசையாக வந்தார். கலரையும் பார்த்து 'பிரமாதம்' என்றார். பேச்சு முடிகிற நேரம். இவள் வந்து நின்றுகொண்டு, 'ரிவர்ஸ் விழாதுங்க' என்கிறாள். நான் திரும்பிப் பார்த்தேன். 'நேத்துக்கூட விழலைங்க' என்கிறாள். நேற்று இந்தக் கையால் போட்டேன் சார், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுந்தது. அந்த மனிதர் போய்விட்டார். 'ஏன் அப்படிச் சொன்னே?' என்றால், 'நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நம்ம பேருதான் கெட்டுப்போகும்' என்கிறாள்.

அடுத்தது ஒரு கட்சிக்காரர். தேர்தல் பிரச்சாரத்துக்குத் திறந்த ஜீப் வேண்டும், தலைவர் நின்றுகொண்டு கும்பிட வசதியாக இருக்கும் என்றார். இவள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல மோர்தான். கொடுத்துவிட்டுக் கேட்டாள், 'ஏனுங்க தம்பி, மழை வந்தா வண்டிய எங்க நிறுத்துவீங்க?'

'ரோட்டுலதானுங்க அக்கா.'

'வெயிலுக்கு?'

'அதே ரோட்டுலதான்.'

'எலெக்சன் முடிஞ்சா?'

அவர் சிரித்துக்கொண்டே, 'ரோடு இருக்குதுங்களே அக்கா' என்றார்.

'அப்ப உங்க தலைவரையும் ரோட்டுலயே நிக்க வெச்சு ஓட்டுக் கேளுங்க. வண்டி எதுக்கு?' என்று சொல்லிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவர் மோரை முடிக்கவே இல்லை.

வியாபாரம் தெரியாதவள் சார். விவசாயக் குடும்பம், நேரே கேட்டுவிடுவார்கள். வெளியே அனுப்ப வேண்டிய பொருளை இப்படிப் பேசினால் எப்படி அனுப்புவது? இதையெல்லாம் சொல்லிக் காட்டினால் அவளே திரும்பி என்னைக் கேட்பாள், 'எப்பத்தான் விக்கப் போறீங்க?' என்று. வாரம் ஒரு தடவை இந்தக் கேள்வி. சாப்பிடும்போது கேட்பாள், ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பி இறங்கும்போது கேட்பாள். என் மனதில் அது குத்திக்கொண்டே இருந்தது. ஒரு சின்ன ஷெட்டை அவளுக்குக் காலி செய்துகொடுக்க முடியாத ஆளா நான்?

அதனால்தான் கோஷி சார் வந்தபோது நானே முந்திக்கொண்டு பேசி முடித்துவிட்டேன். நல்ல மனிதர். ரிவர்ஸை அவரே போட்டுப் பார்த்தார். 'கலர மாத்தி வெள்ளை அடிச்சுருவேன், டூரிஸ்ட்டுகளுக்குப் பளிச்சுனு இருக்கும்' என்றார். 'காப்பி கொண்டாறேன்' என்று இவள் உள்ளே போனாள். காப்பி வரவே இல்லை. எங்கள் பக்கம் வந்தவரைக் காப்பி கொடுக்காமல் அனுப்பினால் ஊர் என்ன பேசும்? போய்ப் பார்த்தால் அடுப்புக்கு முன்னால் நிற்கிறாள், அடுப்பு எரியவில்லை. 'கேஸ் தீர்ந்துபோச்சு' என்றாள். அன்று ராத்திரி அதே அடுப்பில் தோசை வந்தது.

சார், இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். ரேடியேட்டர் கொதிக்கிறது. இந்த ஊற்றில் நல்ல தண்ணீர் வரும், எல்லா வண்டியும் இங்கே நிற்கும். இறங்கிக் காலை நீட்டுங்கள். நான் பானெட்டைத் திறந்துவிட்டு வருகிறேன். கைத்துணி எங்கே...

...

இல்லை சார், ஒன்றும் இல்லை. இங்கே வாருங்கள். இதைப் பாருங்கள்.

பம்பரில். கறுப்புக் கயிறு. ஆமாம், திருஷ்டிக் கயிறுதான். எல்லா வண்டியிலும் இருப்பதுதான். உங்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. நீங்கள் எந்த ஊர்? மாடு வைத்திருந்தீர்களா? இல்லையா. அப்படியானால் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர் அவர் கயிற்றைக் கொண்டுவந்து கட்டிப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். நம் கயிறு நம் வீட்டிலேயே இருக்க வேண்டும். அதுவும் கூடப் போய்விட்டால் வீட்டு லட்சுமியே போன மாதிரி. வசந்தாமணிக்கு இதில் ஒரு இம்மி பிசகக் கூடாது. அவள் அப்பா வீட்டில் கடைசி மாட்டை விற்றபோது இவள் போய்த்தான் கயிற்றை அவிழ்த்தாள். அந்தக் கயிறு எங்கள் ஷெட்டு ஆணியில் தொங்குகிறது. மாடு மட்டும் இல்லை சார். என் பழைய மொபெட்டை விற்றபோது அதன் ஹேண்டில்பாரில் இருந்த கறுப்புக் கயிற்றை அவிழ்த்து அதே ஆணியில் மாட்டினாள். வாங்க வந்தவன் சிரித்தான். இவள் லட்சியமே பண்ணவில்லை.

காலையில் வண்டிக்கு முன்னால் குனிந்தாள். நான் பார்த்தேன். பெட்ரோல் ஊற்றிக்கொண்டு நின்றேன், பார்த்தேன். கயிற்றை அவிழ்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு அவசரம் இவளுக்கு என்றுகூட நினைத்தேன்.

மறந்துவிட்டாள் போல.

இல்லை. அவள் மறக்க மாட்டாள். எதை மறந்தாள் இதுவரை? தொட்டுப் பாருங்கள் சார். இது பழைய கயிறு இல்லை. பழையது வெளுத்துப்போய் நார் நாராக இருந்தது. இது புதுசு. முடிச்சைப் பாருங்கள். இன்றைக்குப் போட்ட முடிச்சு.

அவிழ்க்கக் குனிந்தவள் புதுசாகக் கட்டிவிட்டு எழுந்திருக்கிறாள்.

என்ன கேட்கிறீர்கள்? விற்கச் சொல்லி அவள் எப்போதாவது வாயால் சொன்னாளா என்றா? சொல்லாமலா... ஒவ்வொரு வாரமும் 'எப்பத்தான் விக்கப் போறீங்க'ன்னு... அது விற்கச் சொன்னது இல்லையா? ஞாயிற்றுக்கிழமை இறங்கும்போது கேட்பாள் என்றேனே. அடுத்த ஞாயிறு இருக்குமா இருக்காதா என்று கேட்டிருப்பாளோ? முதல் நாள் 'வித்துருவேன்' என்றது நான். ஷெட்டைக் காலி பண்ணித் தருகிறேன் என்றதும் நான். அவளுக்கு ஷெட்டு எதற்கு? யோசித்துப் பார்த்தால் அதையும் அவள் கேட்டதில்லை. அந்த ரிவர்ஸ் கியர். அந்தக் கேஸ் அடுப்பு. சார், நான் மில்லில் ஒரு மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லுகிற ஆள். தெரியுமா உங்களுக்கு?

இருங்கள். இங்கே டவர் கிடைக்கும் என்று நினைக்கிறேன். ஒரு போன் போட்டுவிடுகிறேன். நீங்கள் இங்கேயே நில்லுங்கள், பரவாயில்லை. ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் கேட்கும்.

'ஹலோ. வசந்தாமணி.'

'சேந்தாச்சுங்களா?'

'இன்னும் இல்ல. பாதி மலையில நிக்கறேன். பம்பர்ல கயிறு இருக்குது. கேக்குதா? அதென்ன பின்னால சத்தம், உடுமலை பழனின்னு எவனோ கத்தறான்? எங்க இருக்கே நீ?'

'பொள்ளாச்சி ஸ்டேண்டுல.'

'பொள்ளாச்சிலயா? ஒடம்பு அசதின்னயே. அங்க என்ன?'

'எளநி வாங்கலாம்னு வந்தேன்.'

'ஒண்டிப்புதூருல எளநியே இல்லையா?'

'அது சப்புன்னு இருக்குது.'

'சரி. கயித்த ஏன் அவுக்கல?'

'அவுக்கலாம்னுதான் குனிஞ்சேன். கையி வரலீங்க. பழசு நைஞ்சு கெடந்துச்சு, மடியில புதுசு இருந்துச்சு, கட்டிட்டேன்.'

'அவுக்க வந்தவ மடியில புதுக் கயிறு எதுக்குடி? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?'

'என்னத்தச் சொல்றது? நீங்கதான் வந்த நாள்ல இருந்து வித்துருவேன் வித்துருவேன்னீங்க. கஷ்டப்பட்டுச் செஞ்சது நீங்க. குறுக்க விழுந்து வேண்டாம்னா, இவளுக்காக வெச்சிருக்கேன்னு சொல்லிக் காட்டுவீங்க.'

'இப்ப என்ன, உனக்கு அந்த வண்டி வேணுமா?'

'எனக்கெதுக்கு? எனக்கு ஓட்டத் தெரியுமா? உங்களுக்கு வேண்டாம்னா வித்துட்டு வாங்க.'

'நான் வேண்டாம்னு சொன்னனா?'

'வேணும்னு சொன்னீங்களா?'

கேட்டீர்களா சார்? இப்படித்தான். ஒரு பதில் நேராக வராது. முப்பது வருஷமாக இதே தொந்தரவு.

'வசந்தாமணி. எளநி வாங்கிட்டியா?'

'இன்னும் இல்லீங்க.'

'ரெண்டா வாங்கு. ஸ்டேண்டு வாசல்லயே நில்லு. வர்றேன்.'

'பஸ்ஸுலயா?'

'வண்டிலதான்.'

'தனியாவா எறங்குவீங்க? வேண்டாமுங்க, வலதுபக்கம் யாரு பாக்கறது? ஆழியாறு வரைக்கும் யாரையாவது ஏத்திக்குங்க. எவனையும் முந்தாதீங்க. லாரிக்காரன் பின்னாலயே வந்தாலும் பரவால்ல. கேக்குதுங்களா?'

'கேக்குது, கேக்குது. வெச்சுர்றேன்.'

பார்த்தீர்களா சார் கதையை. அவளுக்கு இதை விட மனம் இல்லை. வாயைத் திறந்து சொல்லவும் மாட்டாள். பிடிவாதம். அவர்கள் குடும்பமே அப்படி. இத்தனை நாள் நான் பாட்டுக்கு ஆள் ஆளாக வரச் சொல்லி, பேசி, கடைசியில் இந்த மலை வரை கொண்டுவந்து... அவள் மனதில் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன ஜோசியனா?

உங்களை நடுவழியில் விடுகிறேனே என்றுதான் சங்கடமாக இருக்கிறது. ஆனால் இது நல்ல இடம். எல்லா பஸ்ஸும் தண்ணீருக்கு நிற்கும், உங்கள் பஸ்ஸே சரியாகி வந்தாலும் வரும். கூடவே ஒரு உதவி. நீங்கள் எப்படியும் வால்பாறைக்குத்தானே போகிறீர்கள். டவுனுக்குள் நுழைகிற இடத்தில் கோஷி சார் கெஸ்ட் ஹவுஸ் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். ஒரு எட்டு போய், வண்டி வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். நானே போன் செய்யலாம்தான். செய்தால் அவர் இரண்டு வார்த்தை நல்லதனமாகப் பேசுவார், நான் 'சரிங்க சார், இதோ வந்துட்டேன்' என்று சொல்லிவிடுவேன். எதிரில் இருப்பவர் எது சொன்னாலும் சரி என்று சொல்கிற வாய் இது. அதனால்தான் இவ்வளவும். நாளைக்கு நானே பேசி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர் வெள்ளை அடிப்பதற்கு வேறு வண்டி கிடைக்கும்.

காரணம் கேட்டால்? 'அவங்க வீட்டுல ஒத்துக்கல' என்று சொல்லுங்கள். பொய் இல்லையே, நீங்களே காதால் கேட்டீர்கள். எனக்கு ஒன்றும் இல்லை சார். இன்றைக்கு விற்றாலும் சரி, எப்போது விற்றாலும் சரி. அவளுக்காகத்தான் திருப்புகிறேன்.

இந்த இடம் அகலம் போதும். பின்பக்கம் சரிவு, அதனால் பின் சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். அது சின்னது, அந்தப் பெரியதை எடுங்கள். ஆ. அப்படியே நின்று வளைவைப் பார்த்துக்கொள்ளுங்கள், மேலிருந்து ஏதாவது இறங்குகிறதா? இல்லையா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள், 'நினைக்கிறேன்' வேண்டாம்.

ரிவர்ஸ் விழுந்துவிட்டது, பார்த்தீர்களா, எவ்வளவு சுகமாக விழுகிறது.

இப்போது கல்லை எடுங்கள் சார். சீக்கிரம். வெயில் ஏறுகிறது, அவள் அங்கே வாசலில் நிற்பாள்.